கேட்டது வராது, கேட்காதது வரும்

கிரேக்கத் தீவுக்குப் போய்வந்தோம் என்று சொன்ன மாத்திரத்தில் உறவினர்கள் கேட்பது, "நீலக் கும்மட்டம் போட்டோ எங்கே?" என்பதுதான். வெள்ளைச் சுவர், நீலக் கும்மட்டம், பின்னால் கடல் என்று காலண்டர்காரர்கள் நம் மனதில் பதித்துவிட்ட அந்த இடம் சாண்டோரினி. நாங்கள் போனது கிரீட். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குக் கிரேத்தா. கிரேக்கத் தீவுகளிலேயே பெரியது, 260 கிலோமீட்டர் நீளம், நெடுக மலை. கும்மட்டத்துக்கு இந்தத் தீவு பேர்போனதல்ல என்றதும் பாதிப் பேர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தீவின் வடகரையில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. விமான நிலையம், நெடுஞ்சாலை, பெரிய ஊர்கள் எல்லாம் அங்கேதான். ஹானியா துறைமுகத்தில் வெனிஸ்காரர்கள் கட்டிய கப்பல் கொட்டடிகள் இன்னும் நிற்கின்றன. வாயிலில் ஓர் அழகான கலங்கரை விளக்கம். கரையோர உணவகம் ஒவ்வொன்றின் வாசலிலும் மெனு அட்டையோடு ஒருவர் நிற்கிறார். வருகிறவர் முகத்தைப் பார்த்து எந்த நாடு என்று கண்டுபிடித்து, அந்த நாட்டு மொழியில் கூப்பிடுவது அவர் உத்தியோகம். "இண்டியா! நமஸ்தே!" என்றார் ஒருவர். ரங்கநாதன் தெருவில் முப்பது வருஷம் பழகிய என் மனைவி, பார்வையை நேரே வைத்துக்கொண்டு நடையைக் கூட்டினாள். அந்த மனிதர் தோல்வியை அன்றுதான் கண்டிருப்பார்.

தென்கரை வேறு ரகம். அங்கே உங்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்காத பொருள் ஒன்று எப்போதும் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் தென்கரை முழுவதும் புரிந்துவிடும்.

ஹானியாவிலிருந்து பஸ் மலையேறி மறுபக்கம் இறங்குகிறது. வெள்ளை மலைகள் என்று பெயர். உச்சி 2,453 மீட்டர். இறங்கும்போது கொண்டைஊசி வளைவுகள், கீழே லிபியக் கடல், நடுரோட்டில் ஆடு. வளைவு வருகிறது என்று எச்சரிக்கும் பலகைகளில் எல்லாம் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள். பலகையைப் படித்துப் பயப்படுவதா, ஓட்டையைப் பார்த்துப் பயப்படுவதா என்று ஒரு பயணிக்குக் குழப்பம் வரும். இந்த ஸ்ஃபாகியா வட்டாரத்துக்காரர்கள் வெனிஸ்காரர், துருக்கியர், ஜெர்மானியர் யார் வந்தாலும் துப்பாக்கியைக் கீழே வைக்காதவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். இப்போது சண்டைக்கு ஆள் வராததால் நெடுஞ்சாலைத் துறையோடு மோதுகிறார்கள் போலும். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் போனில் பேசிக்கொண்டு, எதிரே வந்த பஸ் டிரைவருக்கு வணக்கமும் சொன்னார். மூன்றாவது கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கண்ணை மூடியிருந்தேன்.

ஹோரா ஸ்ஃபாகியன் சின்ன துறைமுகம். 1941 மே கடைசியில், ஜெர்மானியப் பாராசூட் படையிடம் தீவு பறிபோனபோது, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் மலையை நடந்தே தாண்டி வந்து இரவோடிரவாகக் கப்பலேறியது இங்கேதான். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கப்பலில் இடமில்லை, கரையிலேயே பிடிபட்டார்கள். அதற்கு நினைவுச்சின்னம் உண்டு. அந்தக் கரையில் இன்று பாலாடைக்கட்டி வைத்துத் தட்டிச் சுட்ட மெல்லிய அடைமேல் தேன் ஊற்றித் தருகிறார்கள். அதைப் பார்த்ததும் "போளி!" என்று என் மனைவி முகம் மலர்ந்தாள். வெளிநாட்டில் அவள் முகம் மலர்வது அபூர்வம் என்பதால் இன்னொன்று கேட்டேன். கேட்டேன் அல்லவா, அதனால் வரவில்லை.

தென்கரையில் பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. படகுதான் பஸ். ஸ்ஃபாகியனிலிருந்து லூத்ரோ, ஆயியா ரூமேலி என்று மேற்கே போகிறது. இன்னொரு படகு தெற்கே காவ்தோஸ் தீவுக்குப் போகும். ஐரோப்பாவின் தென்கோடி முனை அதுதான். முனையில் ஒரு பெரிய நாற்காலி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. டிக்கெட் ஜன்னலில் கேட்டேன். உள்ளே இருந்த அம்மாள் பதில் பேசாமல் மோவாயை மேலே தூக்கி "ச்" என்றார். நம் ஊர்ப் பாட்டிகள் காசில்லை என்று சொல்வதும் இப்படித்தான் என்பதால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காற்று. நாளைக்கு? மோவாய் மறுபடி மேலே போனது. அந்தக் கரையில் படகு கிளம்புவதைக் கம்பெனி முடிவு செய்வதில்லை, காற்று முடிவு செய்கிறது. நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

லூத்ரோ படகு மட்டும் வந்தது. குதிரை லாடம் மாதிரி வளைந்த குடா, மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்ட வெள்ளை வீடுகள், கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. படகின் முன்பக்கப் பலகை சங்கிலிச் சத்தத்தோடு சிமென்ட் கரையில் விழுந்ததும் தூங்கிக்கொண்டிருந்த ஊர் எழுந்து நிற்கிறது. தக்காளிப் பெட்டி, கேஸ் சிலிண்டர், ஒரு மெத்தை, கறுப்பு அங்கிப் பாதிரியார் என எல்லாம் இறங்குகிறது. தள்ளுவண்டிகள் ஓடுகின்றன, யாரோ யாரையோ திட்டுகிறார்கள். பலகை தூக்கப்பட்டதும் ஊர் மறுபடி படுத்துவிடுகிறது. பூனைகள் மட்டும் விழித்திருக்கும்.

இந்தக் குடாவை ஒட்டித்தான் பழைய ஃபீனிக்ஸ் துறைமுகம் இருந்தது. கைதியாக ரோமாபுரிக்குப் போன பவுல் ஏறியிருந்த கப்பல், குளிர்காலத்தை அங்கே கழிக்கலாம் என்றுதான் கிளம்பியது. கடுங்காற்று அடித்துத் தள்ளியதில் மால்டாவில் போய் உடைந்தது. அப்போஸ்தலருக்கே நினைத்த துறை கிடைக்காத கடலில் எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை என்று வருந்துவது அழகல்ல.

இனி சாப்பாடு. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களை எல்லாம் கூட்டினால் ஆண்டில் பாதி நெருங்கும். இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. இதை எங்கேயோ படித்து வைத்திருந்த என் மனைவி, "நமக்கென்ன கவலை, விரதச் சாப்பாடு கொடுங்கன்னு கேட்டா முடிஞ்சுது" என்று நிம்மதியாக இருந்தாள். கடைக்காரரிடம் சைகையும் ஆங்கிலமும் கலந்து நோன்பு, பிரார்த்தனை, கன்னத்தில் போட்டுக்கொள்வது எல்லாம் செய்து காட்டினாள். அவருக்கு நன்றாகவே புரிந்தது. பக்தியோடு தலையாட்டிவிட்டு உள்ளே போய், தணலில் வாட்டிய ஆக்டோபஸ் கால் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான். உறிஞ்சுவட்டங்கள் எல்லாம் வரிசையாக எங்களைப் பார்த்தன.

"இது நோன்புக்கு ஆகும்மா. இதுக்கு ரத்தம் கிடையாது" என்று அவர் விளக்கினார்.

ஆக்டோபஸுக்கு ரத்தம் உண்டு, நிறம்தான் நீலம். ஆனால் அடுத்தவர் நோன்பில் விஞ்ஞானம் பேசக்கூடாது என்பதால் சும்மா இருந்தேன். மூன்று இதயம் உண்டு என்பதை மட்டும் மெதுவாக என் மனைவியிடம் சொன்னேன்.

"மூணு இதயம் இருக்கற ஜீவனைத் தின்னுட்டு விரதமாங்க?" என்றாள்.

அந்தக் கால் முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன். அவளுக்கு வாற்கோதுமை ரஸ்க்கில் தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்ட தாக்கோஸ் வந்தது. அந்த ரஸ்க்கைத் தண்ணீர் தெளிக்காமல் கடித்தால் செலவு பல் டாக்டருக்கு. மேலே ஊற்றியிருந்த ஆலிவ் எண்ணெயில் தட்டே மிதந்தது. டாக்டர் சொன்னபடி எங்கள் வீட்டில் எண்ணெயை ஸ்பூனால் அளக்கிறவள், பாத்திரத்தைச் சாய்த்து மிச்சத்தையும் ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி கடலைப் பார்த்தேன். குடும்பம் நடத்தத் தெரிந்தவன் செய்வது அது.

பிறகு பில் கேட்டோம். தர்ப்பூசணி வந்தது. தர்ப்பூசணி கேட்கவில்லையே என்றோம். கூடவே ஒரு சின்னக் குப்பியில் ராக்கியும் இரண்டு கிண்ணங்களும் வந்தன. திராட்சை பிழிந்த சக்கையைக் காய்ச்சி வடிக்கிற சாராயம் அது. தண்ணீர் மாதிரி இருக்கும், தண்ணீர் மாதிரி இறங்காது. கிரீட்டில் சாப்பாட்டுக்குப் பின் இது கடைக்காரர் உபயம், மறுப்பது மரியாதை இல்லை. என் மனைவி கிண்ணத்தை நாசூக்காக என் பக்கம் நகர்த்தினாள். கடைக்காரர் அதைப் பார்த்து, அவளுக்குப் பிடித்துப்போய்க் காலியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி நிரப்பினார். அந்தக் காலத்தில் யவனர்கள் கப்பலேறி நம் கரைக்கு வந்து மது கொடுத்தார்கள். அரிக்கமேட்டில் அவர்களுடைய சாடிகள் உடைந்து கிடந்தன. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர்கள், வாசலுக்கே வந்த தமிழனை விடுவார்களா? பில் வந்தபோது எனக்கு எண்கள் சரியாகத் தெரியவில்லை. நியாயமான தொகை என்று என் மனைவி சொன்னாள்.

லூத்ரோவிலிருந்து சின்னப் படகில் நல்லதண்ணீர்க் கடற்கரைக்குப் போகலாம். கடலோரக் கூழாங்கல்லைக் கையால் தோண்டினால், உப்புக் கடலுக்கு ஓரடி இப்பால், குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது, குளிர்ந்த மலைத்தண்ணீர். வைகை மணலில் ஊற்றுத் தோண்டின கைதான், ஆனாலும் என் மனைவி நம்பாமல் மூன்று குழி தோண்டினாள். தலையை நிமிர்த்திப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, அங்கே பலர் ஆடை உடுத்தும் வழக்கத்தை விட்டவர்கள் என்று. வயதான ஒரு தம்பதி, அவர்களும் அப்படியே, வெகு கௌரவமாகக் காலை வணக்கம் சொன்னார்கள். சுடிதார், துப்பட்டா, தொப்பி, சாக்ஸ் சகிதம் உட்கார்ந்திருந்த எங்களைத்தான் அந்தக் கரையே வேடிக்கை பார்த்தது.

ஆயியா ரூமேலியில் வேறொரு வேடிக்கை. 16 கிலோமீட்டர் நீளமுள்ள ஸமாரியா பள்ளத்தாக்கை மேலிருந்து நடந்து இறங்குகிறவர்கள் மத்தியானத்துக்குமேல் அங்கே வந்து சேருகிறார்கள். படகில் சுகமாக வந்து நிழலில் உட்கார்ந்து, நொண்டிக்கொண்டு வருகிறவர்களை எண்ணுவதைப் போன்ற சுகம் வேறில்லை. வந்தவுடன் ஷூவைக் கழற்றிக் கடலில் காலை நனைக்கிறார்கள், பிறகு பீர் கேட்கிறார்கள். கேட்கிறார்கள், பாவம்.

காபிக் கடை கிழவர்கள் ஒரு சின்னக் கோப்பைக் காபியோடு அரை நாளைக் கழிக்கிறார்கள். அடியில் வண்டல் படியும்வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டிய காபி அது. கறுப்புடைப் பாட்டி ஒருத்தி பேத்தியை மொழிபெயர்க்க வைத்து எங்களை விசாரித்தாள். எத்தனை பிள்ளை, மகனுக்கு என்ன வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் இதற்கெல்லாம் ஓய்வு கொடுக்கத்தான் கிளம்பியிருந்தோம். பாட்டி எங்கள் கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தைத் திணித்து, சீக்கிரம் நடக்கும் என்றாள்.

தங்கும் அறைகளில் ஒரு செய்தி தவறாமல் ஒட்டியிருக்கும்: காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும், பக்கத்துக் கூடையில் போடுங்கள். மற்ற நாட்டவர் இதைப் படித்து முகம் சுளிக்கிறார்கள். காகித விஷயத்தில் அந்தத் தீவுக்கு எங்களைப் போல் ஒத்துழைத்த விருந்தாளிகள் கிடையாது.

போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது. மே கடைசியோ செப்டம்பரோ நல்லது. ஸமாரியா நடை மே முதல் அக்டோபர் வரைதான், அதுவும் மழை வந்தால் மூடிவிடுவார்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம், கூழாங்கல்லில் உருளாது. திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே வடகரைக்கு வந்துவிடுங்கள், காற்றுக்கு உங்கள் டிக்கெட் தேதி தெரியாது. ஒரு பிளாஸ்டிக் மக் அவசியம்.