சாலை வாடகை

மெரினா காமராஜர் சாலையில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை. அதிலேயே ஓடப் பணம் கட்டி, விடியுமுன் நெஞ்சில் நாலு ஊக்கால் எண் அட்டையைக் குத்திக்கொண்டு நிற்கிறார்களே என்று சிரிப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். கட்டணம் ஓட்டத்துக்கல்ல, சாலைக்கு. மற்ற நாளில் ஊர் நடைபாதைகளை டிரான்ஸ்ஃபார்மரும் பஜ்ஜிக் கடையும் புல்லட்டும் பங்கு போட்டுக்கொள்ள, ஓடுபவருக்கு மிஞ்சுவது மாநகரப் பேருந்தின் முன்சக்கரம். பந்தய நாளில் மட்டும் போலீஸ்காரரே கைகாட்டிக் காரை நிறுத்துகிறார். அந்த மரியாதைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

கடைசியாக வந்தவருக்கும் பதக்கமா என்பார்கள். மாரத்தானின் 42.195 கி.மீ. தூரமே 1908 லண்டன் ஒலிம்பிக்கில், அரச மாடத்துக்கு எதிரே ஓட்டம் முடியவேண்டும் என்பதற்காக அமைந்ததுதான். ராணிக்காக வளைந்த விளையாட்டு, தொப்பைக்கும் கொஞ்சம் வளைந்தால் என்ன? தவிர, 10 கி.மீ.யை ஒன்றரை மணி நேரம் உருட்டுபவர்தான் சாலையை முழுசாக அனுபவிக்கிறார். அரை மணியில் முடித்துவிட்டுப் போகிறவருக்கு வாடகை நஷ்டம்.