34 இன்ச் இடுப்பு

நியூ ஜெர்சி எடிசனில், சனிக்கிழமை மாலை ஓக் ட்ரீ ரோட்டில் நம்மவரைத் தேட வேண்டியதே இல்லை. மெடிகேர் அட்டை வாங்கிய வயது. கையும் காலும் குச்சி. நடுவில் மட்டும், யாருடைய பார்சலையோ சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறவர் மாதிரி இருப்பார்.

தொப்பை என்றால் கோபம் வரும். 1984இல் எம்.எஸ். படிக்க வந்தபோது பேண்ட் சைஸ் 34, இன்றைக்கும் 34தான். பொய்யில்லை. பெல்ட்தான் வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கி, தொப்பைக்கு வழிவிட்டிருக்கிறது.

குளிர்காலத்தில் மென்லோ பார்க் மாலில் நடை. பத்தாயிரம் அடி ஆனதும் கைக்கடிகாரம் அதிரும். அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். கார் நிற்கும் இடம் வரை நடப்பது சம்பளமில்லாத ஓவர்டைம். அரிசியை விட்டாயிற்று, தினைப் பொங்கல்தான். அந்தத் தினை எவ்வளவு நெய் குடிக்கும் என்பது வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியும். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேண்டீனில் சாப்பிடுவது கணக்கில் சேராது, அது பக்தி.

போன மாதம் டாக்டரம்மாவிடம் போனார். பி.எம்.ஐ. 24.

“நார்மல்தானேம்மா?”

“அங்கிள், ஆசியர்களுக்கு 23லேயே உஷாராகணும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015லயே சொல்லியாச்சு.”

சொல்லிவிட்டு டேப்பை எடுத்தார். பெல்ட் இருக்கும் இடத்தில் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். 98 சென்டிமீட்டர். தெற்காசிய ஆண்களுக்கு 90தான் எல்லை.

“அமெரிக்காவுல எதுக்கும்மா சென்டிமீட்டர்?”

டேப்பைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தெட்டரை இன்ச்.

பே ஏரியாவிலும் சிகாகோவிலும் 2010 முதல் நம்மவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடக்கிறது, பெயர் மசாலா, என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய்ச் சேர்கிறது என்றதும் பழையபடி சாய்ந்துவிட்டார். புரியவைக்க டாக்டரம்மா ஒரு கதையும் சொன்னார். 2004இல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. லண்டன்காரர் மாரத்தான் ஓடுகிறவர். புனேக்காரர் ஓடுவது லிஃப்ட் கதவு மூடுவதற்குள்.

அன்று ராத்திரி டெக்சாஸ் மைத்துனருக்கு போன் பறந்தது.

“மாப்ளே, ஒண்ணும் பயமில்லே. ஆராய்ச்சி பண்ற டாக்டரே நம்ம ஆளுதான்யா. லிஃப்டுக்குத்தான் ஓடறாராம்.”

“நெசமாவா மாமா?” மறுமுனையில் முறுக்கு உடையும் சத்தம். “எங்க வீட்ல லிஃப்ட்கூட இல்லையே.”