மறுகூட்டல் தாத்தா

ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருக்க ஒரு தகுதியும் வேண்டாம். கப் வாங்கிய அன்றைக்குப் போய் குரூப் போட்டோவில் ஓரமாக நின்றால் போதும். தோற்கிற அணிக்கு, அதுவும் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு, அதுவும் சீசன் முழுக்கத் தோற்ற அணிக்கு ரசிகராக இருப்பவர் தனி இனம். இந்த இனத்தில் ஒருவரையாவது நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் செக்கானூரணி பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கலாம்.

தேனி ரோட்டில், மதுரை முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று நீளுகிற ஊர் இது. ஒரு பக்கம் நீளமாகப் படுத்துக் கிடக்கிற மலை. ஊருக்குள் கல்லூரி, பள்ளிகள். சற்றுத் தள்ளிப் பல்கலைநகரில் காமராசர் பல்கலைக்கழகம். ஆகவே நாலு வீட்டுக்கு ஒரு ரிட்டயர்டு பேராசிரியரும் மூன்று வீட்டுக்கு ஒரு ரிட்டயர்டு சூப்பிரண்டும் குடியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் காலையில் வாக்கிங் போவார்கள். சூப்பிரண்டுகள் அவர்கள் போவதைக் கண்காணிப்பார்கள்.

நம்மவர் இரண்டாவது வகை. பணிக்காலம் முழுவதும் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தே கழித்தவர். கூட்டலில் தப்பில்லாத உலகம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறவர். அதனால் ஆட்டம் முடிந்ததும் நேராக ஸ்கோர் மேஜைக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஒருக்கா மறுபடி கூட்டிப் பாத்துருவமா?" என்பார். தோல்வி முப்பத்தேழு பாயின்ட் வித்தியாசத்தில் இருந்தாலும் கேட்பார். பிள்ளைகள் அவருக்கு மறுகூட்டல் தாத்தா என்று பெயர் வைத்ததில் அநியாயம் எதுவும் இல்லை.

எந்தக் கல்லூரி அணி என்று கேட்காதீர்கள். சொன்னால் ஒரு பிரின்சிபால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை பிரின்சிபால்களும் "நம்மையா சொல்றான்?" என்று யோசிப்பார்கள். விளையாட்டுக்கு அதுதான் நல்லது.

தோல்வியை அவர் தோல்வி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கணக்கில் அது அரியர். "இந்த வருஷம் கொஞ்சம் அரியர் விழுந்துருச்சு தம்பி. அடுத்த வருஷம் சேத்து கிளியர் பண்ணிருவாங்க." ஐம்பத்தெட்டுக்கு இருபத்தொன்று என்று தோற்ற மறுநாள் டீக்கடையில் பிடித்தேன்.

"என்ன சார், நேத்து பெரிய அடியாமே?"

"யார் சொன்னது? மொத்தமா பாக்காதீங்க தம்பி, குவார்ட்டர் குவார்ட்டரா பாருங்க. ரெண்டாவது குவார்ட்டர்ல நாம எட்டு, அவிங்க ஒம்பது. ஒரு பாயின்ட்டு! கடைசி நாலு நிமிஷத்த மட்டும் எடுத்தீங்கன்னா ஆறுக்கு நாலு, நாமதேன் லீடு."

அந்தக் கடைசி நாலு நிமிஷத்தில் எதிரணிக் கோச் தன் நல்ல ஆட்டக்காரிகளை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்து, புதுசாக ஷூ கட்டிய பிள்ளைகளை உள்ளே விட்டிருந்தார் என்பது பட்டியலில் வராத தகவல்.

விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். எட்டு செகண்டில் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், இருபத்து நாலு செகண்டுக்குள் ரிங்கைப் பார்த்து எறிய வேண்டும், ஐந்தாவது ஃபவுலில் ஆட்டக்காரி வெளியே. நம் பக்கத்துக் கல்லூரி மைதானங்களில் இருபத்து நாலு செகண்டைக் காட்டும் மின்சாரக் கடிகாரம் அநேகமாக இருக்காது. அந்தக் குறை தெரியாதபடி நம்மவர் வேப்பமரத்தடியிலிருந்து குடையை ஆட்டிக்கொண்டு சத்தமாக எண்ணுவார். எதிரணி கையில் பந்து இருக்கும்போது அவருடைய செகண்டுகள் மளமளவென்று ஓடும். நம் பிள்ளைகள் கைக்கு வந்ததும் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.

ஃபிரீ த்ரோவின்போது மட்டும் எண்ண மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். பலகைக்கும் கோட்டுக்கும் 4.6 மீட்டர், நடுவில் கையை நீட்டி மறிக்க யாரும் கிடையாது, உலகத்திலேயே சுலபமான எறிதல் என்பார்கள். இந்த அணிக்கு அதுதான் கஷ்டம். நாலு பேர் மேலே விழுந்து மறித்தால் எப்படியோ போட்டுவிடுகிற பிள்ளைகள், வழியைத் திறந்துவிட்டால் திகைத்துப்போய் நிற்கும்.

வெளியூர் ஆட்டங்களில் அவருக்கு முதல் எதிரி வாட்ச்மேன்தான். பெண்கள் கல்லூரியில் மேட்ச் என்றால் கேட்டிலேயே மறிப்பார்கள். "யார் சார் நீங்க? பேரன்ட்டா?" இல்லை. "கோச்சா?" இல்லை. "பின்ன?" ரசிகர் என்றால் வாட்ச்மேன் அகராதியில் அதற்கு நல்ல அர்த்தம் இல்லை. வாட்ச்மேனையும் குறை சொல்ல முடியாது. இந்தத் தடைக்கு ஆட்டத்தின் வயசே ஆகிறது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே பக்கத்து ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே 1893-ல் நடந்த முதல் மேட்ச்சைப் பார்க்கவும் ஆண்களை உள்ளே விடவில்லை.

நம்மவர் இதற்குக் கண்டுபிடித்த வழி, வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது. ஆச்சி கூட வந்தால் எந்த கேட்டும் திறக்கும். பஸ்ஸிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அணிக்கும் டிக்கெட் இல்லை, ஆச்சிக்கும் டிக்கெட் இல்லை. தோல்வியைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறவர் அந்தப் பஸ்ஸில் அவர் ஒருவர்தான்.

ஆச்சி விருப்பப்பட்டு வந்தவர் இல்லை. "பழனிக்குப் போக நேரமில்லங்குறாரு, பந்து பாக்கப் போக மட்டும் மூணு மணிக்கே சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு" என்று தெரு முழுக்கச் சொன்னவர். மைதானத்துக்கு ஒயர் கூடையோடு வந்து, முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டிருப்பார். ஆட்டத்தைப் பார்க்கிறாரா என்றே தெரியாது. ஒரு நாள் நம்மவர் ரெஃபரியைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை லே-அப் போட ஓடி, குதிக்கிற நேரத்தில் தடுமாறி, மூன்றாவது அடி எடுத்துவைத்துவிட, ரெஃபரி 'டிராவல்' என்று விசில் ஊதிவிட்டார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அது நாலாவது தடவை.

"கண்ணு தெரியுதா இல்லையா அந்தாளுக்கு?"

"அந்தாளுக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல" என்றார் ஆச்சி, கீரையிலிருந்து தலை நிமிராமல். "ரெட்டைச்சடை போட்ட பிள்ள இருக்குல்ல, காலப் பாருங்க. ஷூ பாதத்துல நிக்கவே இல்ல. குதிகால்ல லொடக்கு லொடக்குன்னு கழலுது. அது எங்குட்டு ரெண்டு அடியில நிக்கும்?"

பார்த்தோம். உண்மைதான். கல்லூரி ஸ்டாக்கில் இருந்த ஷூ. அவள் காலுக்கு இரண்டு சைஸ் பெரிசு. முன்பக்கத்தில் பேப்பர் திணித்து, லேஸை அடிப்பாதத்தோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். மாற்று ஆட்டக்காரியாக உள்ளே போகப்போகிற பிள்ளை வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். இவள் வெளியே வந்தால்தான் அவளுக்கு ஷூ. கோச்சும் ரெஃபரியும் விதிப்புத்தகம் படித்த நம்மவரும் பார்க்காததை, 'பாஸ்கட்' என்றால் இன்னமும் காய்கறிக் கூடையை நினைக்கிற ஆச்சி பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஆட்டத்தைப் பற்றிக் கடைசி வார்த்தை ஆச்சியுடையது.

அடுத்து ஆச்சி பிடித்தது பந்தை. பயிற்சி நடக்கும்போது, "இது பயலுக பந்துதான?" என்று கேட்டாராம். ஆண்களுக்கு ஏழாம் நம்பர் பந்து, பெண்களுக்கு ஆறாம் நம்பர்; ஆறு கொஞ்சம் சின்னது, எடையும் குறைவு. பயிற்சியெல்லாம் பையன்கள் ஆடிப் போட்ட ஏழில், போட்டி ஆறில். கைக்குப் பழகாத லேசுப் பந்தை இவர்கள் வழக்கமான வேகத்தில் எறிந்தால் அது பலகையைத் தாண்டிப் போகாமல் என்ன செய்யும்? சீசன் முழுக்க நம்மவர் காற்றைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். தேனிப் பக்கமிருந்து வருகிற காற்றாம்.

மற்ற காரணங்களை எல்லோரும் அறிவோம். நெட்டையாக ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்பில் நன்றாக ஆடினால், விளையாட்டு விடுதி, ஸ்போர்ட்ஸ் கோட்டா, இலவசச் சாப்பாடு என்று சென்னையோ கோயமுத்தூரோ கொத்திக்கொண்டு போய்விடும். இங்கே வருகிறவர்கள் பள்ளியில் கபடியும் கோகோவும் ஆடிவிட்டு, ஆள் பத்தவில்லை என்று பி.டி. மேடம் கெஞ்சியதால் வந்தவர்கள். காசில்லாத பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துப் பயிற்சி முடிகிறது. சிமென்ட் தரை நாலரை மணிக்குத்தான் கால் வைக்கிற சூட்டுக்கு வரும். செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிப் பக்கமும் போகிற பிள்ளைகள் ஐந்தரைக்கெல்லாம் பையைத் தூக்கிவிடுவார்கள். இடையில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் ரீபவுண்டும் ஸோன் டிஃபென்ஸும் படித்து, 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிற வளையத்தையும் எட்ட வேண்டும். இன்டர்னல் தேர்வு வந்தால் அந்த ஒரு மணி நேரமும் இல்லை.

நம்மவர் இந்தக் காரணங்களில் நம்பிக்கை வைப்பதில்லை. அவருக்கு ஆறுதல் உலக வரலாற்றில் இருக்கிறது. மகன் வாங்கிக்கொடுத்த போனில் தேடித்தேடி எடுத்தது. நோபல் பரிசுக்காரர்கள் நிறைந்த அமெரிக்கப் பல்கலைக்கழகமான கால்டெக், ஆண்கள் கூடைப்பந்தில் தன்னுடைய லீக்கில் 26 வருஷம் தொடர்ந்து தோற்றது. மொத்தம் 310 ஆட்டம். 2011 பிப்ரவரி 22-ம் தேதி ஆக்சிடென்டல் கல்லூரியை 46-க்கு 45 என்று ஜெயித்தது, அதுவும் கடைசி நொடிகளில் போட்ட ஒரு ஃபிரீ த்ரோவால். "முந்நூத்திப் பத்து, தம்பி! நமக்கு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு பாத்தீங்களா?" நெய்ஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் விழுந்ததே ஒரே ஒரு கூடை, ஸ்கோர் ஒன்றுக்குப் பூஜ்யம் என்பதையும் மறக்காமல் சொல்வார். "அன்னிக்கு ஒரு டீம் முட்டை. நாம இருவத்தொண்ணு போட்ருக்கோம்."

சொந்த நாட்டிலும் கையிருப்பு வைத்திருக்கிறார். பத்மஸ்ரீ வாங்கிய நம்ம சென்னை அனிதா பால்துரை தலைமையில் இந்தியப் பெண்கள் 2017-ல் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி, ஆசியக் கோப்பையில் 'பி' பிரிவிலிருந்து 'ஏ' பிரிவுக்கு ஏறினார்கள். 2019-ல் அதே பெங்களூரில் 'ஏ' பிரிவில் எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தார்கள். முதல் பாதியைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார். இரண்டாம் பாதியை, "அங்கயும் அரியர் இருக்கு" என்று உட்கார்ந்துகொண்டே சொல்வார்.

சீசனில் ஒரே ஒரு வெற்றி கிடைத்தது. எதிரணி வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. பதினைந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு ரெஃபரி வாக்ஓவர் கொடுத்தார். விதிப்படி ஸ்கோர் 20-0. நம்மவர் அன்றைக்கு மட்டும் மறுகூட்டல் கேட்கவில்லை. ஸ்கோர் ஷீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, டீக்கடையில் கண்டவர்களிடமெல்லாம் காட்டினார்: "ஒரு பாயின்ட்டுகூட விடல. டிஃபென்ஸ் அப்படி!" ஆச்சி மட்டும் ஆடாமல் திரும்பிய பிள்ளைகளுக்கு, கொண்டுபோயிருந்த சுண்டலைப் பங்கு வைத்தார். ஜெயித்தால் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவித்துக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் தோற்ற பிறகும் கொடுத்த சுண்டல்தான் அது.

இதைப் படிக்கிறவர்களில் படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் இருப்பீர்கள். டியூப்லைட் வேண்டாம். உபயம் இன்னார் என்று பெரிதாக எழுதி, வெளிச்சம் கீழே வராதபடி நிறைய டியூப்லைட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பீரோவும் வேண்டாம். நாலு, ஐந்து, ஆறு சைஸில் கூடைப்பந்து ஷூ பத்து ஜோடி, ஆறாம் நம்பர் பந்து நாலு வாங்கி, பி.டி. மேடத்தின் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள். பெயர் எழுத இடம் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.