வறண்ட கிணறும் சொத்துதான்

லட்சக்கணக்கான டாலர் செலவழித்துத் துளை போட்டால் கிடைப்பது சில நேரம் வெறும் உப்புத் தண்ணீர். மற்றவர்கள் என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவின் 'முழுச் செலவு' முறை எண்ணெய்க் கம்பெனியோ அந்த ஓட்டையைச் சொத்துக் கணக்கில் ஏற்றிவிடும். மற்ற கிணறுகளில் எண்ணெய் வர வர, நோகாமல் கழித்துக்கொள்ளும். எண்ணெய் விலை சரியும் ஆண்டில்தான் பழைய வறட்சி மொத்தமாக வெளியே வரும்.

'வெற்றி முயற்சி' முறைக்காரர்தான் பாவம், தேடலில் வறண்டுபோன கிணற்றை உடனே செலவாக எழுதவேண்டும். 1977-இல் நிதிக் கணக்கியல் தர வாரியம் எல்லோருக்கும் இதுதான் என்றது. சிறிய கம்பெனிகள் அலறின: லாபம் சுருங்கினால் யார் பணம் போடுவார்? 1978-இல் பங்குச் சந்தை ஆணையம் இரண்டுமே செல்லும் என்றது. இன்றும் செல்லும். எண்ணெய்ப் பங்கு வாங்குகிறவர்கள் லாபத்துக்கு முன் கணக்குக் கொள்கைக் குறிப்பைப் படித்துவிடுங்கள்.