மெயில் ஃப்ளோ விதிகள்: ஒரு மேற்பரப்பாய்வு

நிறுவனங்களின் வரலாற்றை ஆண்டறிக்கைகளைக் கொண்டு எழுதுவோர் முதல்நிலைச் சான்று ஒன்றை இதுவரை தீண்டவே இல்லை. அது மைக்ரோசாஃப்டின் மின்மடல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் நிர்வாகப் பக்கத்தில், 'மெயில் ஃப்ளோ' பகுதியில், 'ரூல்ஸ்' என்ற பட்டியலாகக் கிடக்கிறது. உள்ளே வரும் மடலும் வெளியே போகும் மடலும் இதைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு 300 விதிகள் வரை மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது. அது யாருக்குப் போதவில்லை என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

விதிக்கு உறுப்புகள் மூன்று: நிபந்தனை, செயல், விலக்கு. நம் இலக்கணிகள் விலக்கைப் புறனடையாக்கிக் கடைசியில் ஒதுக்கினார்கள். அலுவலகத்திலோ புறனடையில்தான் உயிர் இருக்கிறது. 'இஎக்ஸ்இ கோப்பு இணைத்த மடல் எதுவும் நுழையலாகாது' என்று முழங்கத் தொடங்கும் விதி, 'பெறுபவர் எம்.டி. எனில் நீங்கலாக' என்று குழைந்து முடிகிறது. அட்மினுக்கு யாரிடம் பயம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த ஆவணமும் சொல்வதில்லை.

காலத்தை வரிசைப்படுத்துவதில் ஒரு சிக்கல். கீழடியில் தோண்டத் தோண்டப் பழமை. இங்கே தலைகீழ். எண் 0 பெற்ற விதி முதலில் இயங்கும். புதியது, யாரும் நகர்த்தாதவரை, பட்டியலின் அடியில் போய்ச் சேரும். ஆகவே தொன்மையானவை மேலே இருக்கும். (மடலின் ஹெடர் மட்டும் மண்ணின் முறைப்படி நடக்கிறது. வழியில் தொட்ட ஒவ்வொரு சர்வரும் தன் 'ரிசீவ்டு' வரியை மேலே ஏற்றிவிட்டுப் போகும். பிறந்த இடம் அறியக் கீழிருந்து படிக்க வேண்டும். அடிவரிகளை அனுப்பியவனே பொய்யாகவும் எழுதியிருக்கலாம். போலிச் செப்பேடு பார்த்தவர்களுக்கு இது பழகிய தொல்லை.)

மிகப் பழைய அடுக்கில் கிடைப்பது, 'இம்மடல் உங்களுக்குரியதன்று எனில் படிக்காமல் அழித்துவிடவும்' என்று எல்லா மடல்களின் அடியிலும், அதாவது படித்து முடித்த இடத்தில், ஒட்டும் விதி. இது தீங்கற்றது. அடுத்த அடுக்கு அப்படியல்ல. ஸ்பேம் மதிப்பெண்ணை -1 என்று எழுதிவிட்டால் அந்த மடலை வடிகட்டி தொடாது. வாடிக்கையாளர் ஒருவரின் மடல்கள் குவாரன்டைனில் மாட்டுகின்றன. காரணம், எந்தெந்த சர்வர்கள் தம் பெயரில் அனுப்பலாம் என்று அவர் தம் எஸ்பிஎஃப் பதிவில் சரியாகச் சொல்லவில்லை. திருத்த வேண்டியவர் அவர். ஆனால் வாடிக்கையாளரிடம் போய் உங்கள் பதிவு தப்பு என்று யார் சொல்வது? ஆகவே இங்கே ஒரு -1. அன்றுமுதல் அவர் பெயரைப் போலியாகப் போட்டு வருகிறவனுக்கும் ராஜமரியாதை.

விதிப்பெயர்களைப் பொறுத்தவரை 'டெஸ்ட்', 'டெஸ்ட் ஃபைனல்', 'டெம்ப்ரவரி - டோன்ட் டெலிட்' ஆகியவை பரவலானவை. ஓர் ஊழியரின் மடல்களை அவருடைய மேலாளருக்குக் கள்ளப்பிரதியாக அனுப்பும் விதியும் உண்டு. கண்காணிக்கப்பட்டவரும் கண்காணித்தவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விதி பணியில் தொடர்கிறது. பழையது கழிவதை நன்னூலே வழுவல்ல என்று விட்டுவிட்டது. அட்மின் விடுவதில்லை.

பேரிடருக்குப் பின்பே விதி பிறக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்டே சான்று. 1997-ல் அந்நிறுவனத்துக்குள்ளேயே 'பெட்லம் டிஎல்3' என்ற குழு முகவரியில் சுமார் 13,000 பேர் இருந்தார்கள். என்னை நீக்குங்கள் என்று ஒருவர் எல்லோருக்கும் எழுத, என்னையும் என்று பலர் எல்லோருக்கும் எழுத, எல்லோருக்கும் எழுதாதீர்கள் என்று மற்றவர்கள் எல்லோருக்கும் எழுத, சுமார் 1.5 கோடி மடல்கள் பெருகி சர்வர்கள் படுத்துவிட்டன. இத்தகைய 'ரிப்ளை ஆல்' புயலைத் தடுக்கும் ஏற்பாடு அவர்களுடைய கிளவுடுக்கு வந்தது 2020-ல். நம் அட்மின் இவ்வளவு தாமதிப்பதில்லை.

எஞ்சியிருப்பது இரட்டை விதிச் சிக்கல். நிபந்தனையும் செயலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக, பெயரின் வாலில் மட்டும் '2' சேர்ந்த விதிகள் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. அட்மின் மாறியதே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது; இரண்டையும் எழுதியவர் ஒருவரே. புதிய விதி நடப்புக்கு வர 30 நிமிடம் வரை ஆகலாம். மேனேஜரோ பத்தாம் நிமிடமே போன் செய்து, "இன்னும் வந்துட்டேதான்பா இருக்கு" என்கிறார். "இதோ சார்" என்று இரண்டாவது எழுதப்படுகிறது. சற்று நேரத்தில் முதலாவது வேலை செய்யத் தொடங்க, புகழ் இரண்டாவதற்குப் போய்விடுகிறது. அப்படியானால் முதலாவதை அழித்துவிடலாமே என்று கேட்டதற்கு, "எதுக்கு சார் வம்பு, ஓடிக்கிட்டிருக்கு" என்ற விளக்கமே களத்தில் கிடைத்தது.