பல்லுக்குக் கம்பி, ஈறுக்கு யாரு காவல்?

ஏலே பேராண்டி, இங்ஙன வா. வாயைத் தொற. அடடா, மத்தியானம் தின்ன முருங்கைக்கீரை இன்னும் கம்பியில தொங்குதே! ராத்திரிக்குன்னு எடுத்து வச்சிருக்கியோ?

பல் டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னப்ப நீ போனை நோண்டிக்கிட்டு இருந்த. பல்லே இல்லாத நாந்தான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன்.

கம்பி போட்ட வாயி வேலி போட்ட தோட்டம் மாதிரிலே. மாடு வராது, சரி. காத்துல வார குப்பை பூரா வேலியிலதான ஒதுங்கும்? கிளிப்பைச் சுத்தி அழுக்கு படிஞ்சு கிருமி குடியேறிச்சுன்னா, ஈறு செவந்து வீங்கி, தொட்டா ரத்தம் வரும். உன் வயசுல சுரக்குத ஹார்மோன் அதை இன்னும் ஊதிவிடுமாம். சில பிள்ளைகளுக்கு ஈறு வளந்து கிளிப்பையே மூடிருமாம்.

ரத்தத்தைப் பாத்ததும் நம்ம வீரர் என்ன செஞ்சாரு? பிரஷ்ஷை ஓரங்கட்டிட்டாரு. "ஈறு பாவம் தாத்தா"ங்காரு! அட கருணைக்கடலே, அழுக்கு இருக்குன்னு ஈறு குடுக்குத புகாருதாம்லே அந்த ரத்தம். மெத்துன பிரஷ்ஷை ஈறோரம் சாய்ச்சு, கிளிப்புக்கு மேலயும் கீழயும் பதனமாத் தேய்க்கணும். கம்பிக்கு அடியில நுழைக்கச் சின்ன பிரஷ் ஒண்ணு வாங்கிக் குடுத்தோமே, அதை வச்சுல்லா நீ சைக்கிள் செயினைத் தொடைக்க! ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் விட்டுராத. இல்லைன்னா கம்பியைக் கழட்டுன பெறகும் கிளிப் இருந்த எடத்தைச் சுத்தி வெள்ளைத் தழும்பு நிக்கும்.

பல்லு சும்மா நகருதுன்னு நெனைச்சியா? அது போற பக்கம் எலும்பு கரையும், விட்ட பக்கம் புது எலும்பு வளரும். மாசம் 1 மில்லிமீட்டர் நகந்தாலே பெரிய காரியம். அதான் பலபேருக்கு ஒன்றரை, ரெண்டு வருசம் ஆகுது. ஈறு நோய் முத்தி எலும்பைத் தின்னுட்டா, வரிசையில வந்த பல்லு எதைப் பிடிச்சு நிக்கும்? உனக்கு இப்ப வெறும் வீக்கந்தான். ஒழுங்காத் தேச்சா வடிஞ்சிரும்.

உங்க அத்தை மக, கம்பிக்குப் பதிலா கழட்டி மாட்டுத கண்ணாடி மாதிரிப் பல்லுறையைக் காட்டிப் பீத்திக்கிடுதா. தின்னுட்டுத் தேய்க்காம அதை மாட்டுனா, அவளும் உன் கட்சிதான்.

சரி, எந்திரி, பிரஷ்ஷை எடு. பையில இருக்க கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மட்டும் இங்ஙன வச்சிட்டுப் போ. கம்பி போட்டவன் அதைக் கடிச்சா கிளிப் பேந்துரும். பல்லில்லாதவன் சப்பக்கூடாதுன்னு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலையே!