கரையில் நிற்கும் ரசிகர்

தூத்துக்குடியில் கிளியரிங் ஆபீஸ் இல்லாத தெரு குறைவு. அண்ணாச்சி இல்லாத கிளியரிங் ஆபீஸ் அதைவிடக் குறைவு. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் துறைமுக கேட் பாஸ், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. ஷிப்பிங் பில்லில் எந்தக் கட்டத்தில் எது வரவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இத்தனை கறாரான மனிதரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் பனிமய மாதா, அந்தப் பக்கம் திருச்செந்தூர் முருகன், நடுவில் நதியா.

இவரைச் சினிமாப் பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். பைத்தியம் என்றால் கட் அவுட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும், முதல் நாள் முதல் காட்சியில் சட்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி இரண்டாவது வாரம், கூட்டம் வடிந்த பிறகு, காலரில் கர்சீப்பைச் சொருகிக்கொண்டு போவார். ஏசிக்கு நேர் கீழே உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்காருவார். படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், "அந்தப் புள்ள நல்லாப் பண்ணிருக்கு" என்பார். கதை, கதாநாயகன், சண்டை எல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கம்.

அண்ணாச்சியின் ரசனை கண்ணில் தொடங்கவில்லை, காதில் தொடங்கியது. கொழும்புக்கும் இந்த ஊருக்கும் நடுவில் இருப்பது மன்னார் வளைகுடாத் தண்ணீர் மட்டும்தான். சென்னை வானொலி கரகரத்த நேரத்திலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்ட காலம் அது. காலையில் 'பொங்கும் பூம்புனல்'. மூச்சு விடாமல் பேசும் கே.எஸ். ராஜா. ஒவ்வோர் எழுத்தையும் துடைத்து வைக்கும் பி.எச். அப்துல் ஹமீது. இவர்களுக்கு நடுவே ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல். அந்தக் குரலுக்காக அண்ணாச்சி பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டிருக்கிறார். சிக்னல் மங்கினால் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாராம். ஆனால் அந்த அறிவிப்பாளரின் புகைப்படத்தைத் தேடிப் பார்க்கவே இல்லை.

"அவங்க முகத்த நானே மனசுக்குள்ள வரஞ்சு வச்சிருந்தேன்வே. போட்டோவப் பாத்தா அது அழிஞ்சிரும்லா?"

பின்னாளில் தூத்துக்குடி வானொலி 200 கிலோவாட் மீடியம் வேவில் இலங்கைக்கு ஒலிபரப்புகிறது என்று தெரிந்தபோது அண்ணாச்சிக்குப் பெரிய நிம்மதி. "வாங்குனதத் திருப்பிக் கொடுத்தாச்சு" என்றார், ஏதோ அவர்தான் டிரான்ஸ்மிட்டருக்கு டெபாசிட் கட்டியவர் போல.

கண்ணுக்கு வந்த முதல் ஆள் நதியா. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வெளியானது. நதியா கம்மல், நதியா வளையல், நதியா கிளிப் என்று ஃபேன்சி ஸ்டோரில் பாதிச் சரக்கு அந்தப் பெயரில்தான் விற்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சம்பளத்தில் அண்ணாச்சி தங்கச்சிக்கு நதியா கம்மல் வாங்கிக் கொடுத்தார். "கூடப் பொறந்தவ மேல எம்புட்டுப் பாசம்!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சியும் இன்று வரை மறுத்துச் சொன்னதில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து, 2004-ல் 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' வந்தது. நதியா ஜெயம் ரவிக்கு அம்மா. ஆபீஸில் இளவட்டங்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அண்ணாச்சி மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, அம்மாவா வந்துட்டாங்களே?"

"நான் மட்டும் என்ன காலேஜுக்கா போய்க்கிட்டிருக்கேன்? ரெண்டு புள்ளைக்கு அப்பன்தானவே நானும்!"

மதினிக்கு இதெல்லாம் தெரியும். தெரியும் என்பது அண்ணாச்சிக்கும் தெரியும். மதினி ஒன்றும் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை என்று நினைத்தால் நீங்கள் ஏமாளி. மதினி பக்கம் அரவிந்த்சாமி இருந்தார். 1992-ல் 'ரோஜா', 1995-ல் 'பம்பாய்'. அதன் பிறகு ஆள் மெல்ல மெல்லத் திரையை விட்டே மறைந்துவிட்டார். மதினி காத்திருந்தார். 2013-ல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. நம்ம மணப்பாட்டுக் கரையில் எடுத்த படம். அரவிந்த்சாமியும் வந்தார். அங்கியோடு, பாதிரியாராக.

படம் விட்டு வெளியே வந்ததும் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னாராம்: "எனக்கு அம்மாவாப் போயாச்சு. ஒனக்குச் சாமியாராப் போயாச்சு. கணக்கு நேராயிட்டு." மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து 'தனி ஒருவன்' படத்தில் அதே அரவிந்த்சாமி கோட்டும் சூட்டும் போட்டு வில்லனாக நடந்து வந்தபோது, இருட்டில் மதினி அண்ணாச்சியின் முழங்கையில் ஒரு இடி இடித்தார். கணக்கு மறுபடியும் கோணலாகிவிட்டது.

அண்ணாச்சி ரகத்துக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான். புதியவர் வந்தால் பழையவரைக் குறை சொல்லக் கூடாது. சிம்ரன் வந்தபோது நதியா படம் கண்ணாடிக்கு அடியிலேயேதான் இருந்தது. அடுத்தது, கிசுகிசு பேசக் கூடாது. 2022 ஜூனில் நயன்தாராவுக்குக் கல்யாணம் நடந்த அன்று ஆபீஸுக்கே அண்ணாச்சி மக்ரூன் வாங்கி வந்தார். "பையன் நல்ல பையன், டைரக்டரு" என்று பெண் வீட்டுப் பெரியவர் தோரணையில் டப்பாவை நீட்டினார்.

கடைசிச் சட்டம்தான் கடுமையானது. நேரில் பார்க்கப் போகக் கூடாது.

ஒருமுறை நகரில் ஒரு பெரிய கடைத் திறப்புக்கு நடிகை ஒருவர் வந்தார். அண்ணாச்சியின் அன்றைய தேதி ஆள் அவர்தான். ரோட்டில் எள் போட இடமில்லை. கம்பத்தில் ஏறியவர்களைப் போலீஸ் இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஆபீஸை விட்டு நகரவில்லை. "நம்மளாவது போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமே" என்று இழுத்துப் பார்த்தேன்.

"துறைமுகத்துல கப்பலப் பாத்திருக்கேராவே? கரையில நின்னு பாத்தா எப்படி இருக்கும்? ஏறிப் பாத்தா துருதான் தெரியும். நான் எத்தனை கப்பல்ல ஏறிருக்கேன். போம், போய் அந்த இன்வாய்ஸ எடுத்துட்டு வாரும்."

இந்த ஞானம் தொழிலோடு வந்தது என்பது என் கணிப்பு. வேலை நேரம் முழுக்க அடுத்தவன் சரக்குக்கு வழி விடுவதுதான் அண்ணாச்சியின் வேலை. திருப்பூர்ப் பனியன் போகும், மரத்தடி வரும், கிரானைட் போகும், எதுவும் அவருடையது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை கன்டெய்னர் கன்டெய்னராக இங்கே இறங்குகிறது. டன் கணக்கில் அதற்குப் பேப்பர் போட்டு அனுப்புகிற அண்ணாச்சி, சாயங்காலம் பேக்கரியில் கால் கிலோ மக்ரூனுக்கு வரிசையில் நிற்பார்.

அவர் மக்ரூன் தின்பதைப் பார்க்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் ராத்திரி முழுக்க உலரவிட்ட பண்டம் அது. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. அண்ணாச்சி முதலில் அந்தச் சுழித்த நுனியை மட்டும் பல்லால் கிள்ளுவார். நாக்கில் பட்ட நிமிஷம் அது இருக்காது. கண்ணை மூடி, அது போன இடத்தைக் கொஞ்ச நேரம் விசாரிப்பார். பிறகுதான் அடிப்பாகம், அங்கே முந்திரி நொறுங்கல் பல்லிடுக்கில் நின்று பேசும். கடல் காற்று பட்டால் மக்ரூன் பிசுபிசுத்துவிடும் என்பதால், திறந்த டப்பாவை உடனே முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. வீட்டுக்கு வாங்கிய கால் கிலோ வீடு போய்ச் சேராததற்கு இதுவே விஞ்ஞான காரணம்.

ராத்திரி புரோட்டா. தூத்துக்குடியில் புரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்றே போர்டு இருக்கும். மாப்பிள்ளை வாரம் மூன்று நாள் நைட் கிளப் போகிறவர் என்று யாரோ வெள்ளந்தியாகச் சொல்லப்போய், சென்னைச் சம்பந்தம் ஒன்று தட்டிப்போகப் பார்த்த கதையை அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். பொரித்த புரோட்டாவை நொறுக்கி, சால்னாவை ஓரத்தில் ஊற்றாமல் நடுவில் ஊற்றச் சொல்லி, ஊறுவதற்கு ஒரு பாட்டு நேரம் கொடுப்பார். அந்த நேரத்தில்தான் வாதப் பிரதிவாதம்.

அப்படி ஒரு ராத்திரி, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வாயைக் கொடுத்தான். "கையில கெடைக்காத ஆளுக மேல இத்தனை வருசமா ஆசைப்படுதீங்களே அண்ணாச்சி, இதுல என்ன லாபம்?"

அண்ணாச்சி இலையிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, நம்ம கடல்ல கடைசியா முத்துக் குளிச்சது எப்ப?"

"தெரியலயே."

"1961. சிவாஜி 'கப்பலோட்டிய தமிழன்' வந்த அதே வருசம். அதுக்கப்புறம் சங்கு குளிக்கான், முத்துக் குளிக்கல. ஆனா பீச்சுக்குப் பேரு முத்துநகர். மெட்ராஸ் போற ரயிலுக்குப் பேரு முத்துநகர். ஊருக்கே பேரு முத்துநகர். எங்கவே முத்து? கையில இல்லாத ஒண்ண நெனச்சே ஒரு ஊரு அறுவது வருசமா சந்தோசமா இருக்கு. நான் ஒருத்தன் இருந்தா ஒனக்கு வலிக்கோ?"

தம்பி விடவில்லை. 1973-ல் இதே ஊரில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்களே என்றான். அண்ணாச்சி ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, "அது ஆராய்ச்சி. இது ரசனை" என்றார். கடைக்காரர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார்.

சினிமாவில் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு மனக்குறை. திரையில் தூத்துக்குடி வந்தால் கூடவே அரிவாளும் டாட்டா சுமோவும் வந்துவிடுகின்றன. 'சிங்கம் 2' படத்தில் துரைசிங்கம் இந்தக் கடலையே கலக்குகிறார். அண்ணாச்சிக்கு அந்தப் படம் பிடிக்கும், அனுஷ்காவுக்காக. "ஆனா ஒரு ஆளாவது ஒரு மக்ரூன் திங்கானா பாத்தேரா?" என்பார். இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்தது அடிதடி இல்லை, ஆட்டமும் பாட்டும் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு சாட்சி உண்டு: ஜே.பி. சந்திரபாபு. 1927-ல் இங்கே பிறந்தவர். பனிமய மாதா பெயரால் பனிமயதாசன் என்று பெயர் வைத்தார்கள். "மேற்கத்தி ஆட்டம், தொண்டையை உருட்டுத பாட்டு, கோட்டு, சூட்டு, எல்லாம் நம்ம ஊரு பனிமயதாசன்தான்" என்று சொல்லும்போது அண்ணாச்சியின் தோள் தானாக ஒரு ஆட்டம் ஆடும்.

சமீபத்தில் ஆபீஸில் டேட்டா என்ட்ரிக்கு ஒரு பெண் சேர்ந்தாள். போன் கவரில் ஒரு கொரியப் பாட்டுக் குழுவின் ஏழு பையன்கள். சீனியர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எல்லாரும் ஒரே மூஞ்சியாக இருக்கிறான்களே என்றார் ஒருவர். அண்ணாச்சி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை விவரம் கேட்கிற பக்குவத்தோடு விசாரித்தார்.

"ஏழு பேர்ல ஒனக்கு யாரும்மா?"

"ஜங்குக் சார்."

"எந்த ஊரு?"

"பூசான்."

"அட, ஹார்பர் ஊருல்லா!" அண்ணாச்சி முகம் மலர்ந்தது. பையன்கள் ஒவ்வொருவராக மிலிட்டரிக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள், அதுவரை குரூப்பாகப் புது ஆல்பம் இல்லை, இவள் காத்திருந்தாள் என்று தெரிந்ததும் அவருக்கு அந்தப் பெண் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. நதியாவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவருக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம். அன்றிலிருந்து பூசானில் ஏற்றிய சரக்கின் ஃபைல் எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் போகிறது. டைப் அடிப்பதில் ஒரு பிழை இருப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வேலையாக அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் போர்ச்சூழல். ஒரு சேனலில் 'பூவே பூச்சூடவா', இன்னொரு சேனலில் 'ரோஜா', இரண்டும் ஒரே நேரத்தில். ரிமோட் இருவருக்கும் பொதுவாக ஸ்டூலில் கிடந்தது. இதில் விளம்பரம் வந்தால் அதற்கு, அதில் வந்தால் இதற்கு என்று ஒப்பந்தம். நதியா பாட்டியோடு சண்டை போடுகிற இடத்தில் விளம்பரம். மாற்றினால் அரவிந்த்சாமி காஷ்மீரில் நிற்கிற இடத்திலும் விளம்பரம். இருவரும் பொறுமையாக சிமென்ட் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, இந்த சிமென்ட் மூட்டையத் தூக்கிட்டு வாரானே, யாரு இவன்? பாக்க நல்லாருக்கானே?"

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஆளை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கான். பொறு, நாளைக்கு ஆபீசுல அந்தப் புள்ளகிட்ட கேட்டுச் சொல்லுதேன்."